செஞ்சி வந்தா எழுப்பு

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் சுமார் 265 கிலோமீட்டர். ஒரு மணி நேரம்போல ஆகும் என்றேன். அம்மா நம்பவில்லை. "திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர்..." என்று விரல் விட்டு எண்ணினார். அப்பா இருந்தவரை இந்த ஐந்து ஊரையும் தாண்டினால்தான் எங்களுக்குப் பெங்களூரு. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேருவோம்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1930களில் தாத்தா சைகோனுக்கு வேலைக்குப் போனபோது கொண்டுபோனது. அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குத் துரு கோடு போட்டிருக்கும். அது கப்பலில் பிடித்த துரு இல்லை. புதுச்சேரிக் கரையோரம் ஆழம் கிடையாது, கப்பல் தள்ளித்தான் நிற்கும். அந்தக் காலத்தில் சலங்கு என்கிற படகில் ஏறி அலை தாண்டிப் போய் அதைப் பிடிக்கணும். அந்தக் கொஞ்ச தூரத்தில் சலங்குக்குள் ஏறிய தண்ணீர் அது. சைகோன் வரை போன கடலைவிட இந்தக் கரையைத் தாண்டியதுதான் பெரும்பாடு என்று தாத்தா சொல்வாராம்.

அன்று கடலில் ஆழம் போதவில்லை. இன்று லாஸ்பேட்டை ஓடுபாதையில் நீளம் போதவில்லை. மொத்தமே 1,500 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி ப்ரொபெல்லர் விமானம் இறங்கும், பெரிய ஜெட் இறங்காது. நீட்டுவதற்குத் தமிழ்நாட்டுப் பக்கத்து நிலம் வேண்டும். பாரிசில் இருக்கும் சித்தி எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிறார். அங்கிருந்து 150 கிலோமீட்டர் காரில் வர மூன்று மணி நேரம் ஆகிறது. சலங்கு இருந்த இடத்தில் இப்போது டாக்சி.

இருக்கிற சின்ன விமானமாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2013இல் பெங்களூருக்கு வந்தது, அடுத்த வருஷமே போனது. 2017இல் ஐதராபாத்துக்கு வந்தது, 2020இல் கொரோனாவோடு நின்றது. 2022இல் திரும்பி வந்து, 2024இல் மறுபடி நின்றுபோய், அந்த டிசம்பரில்தான் மீண்டும் ஆரம்பித்தது. மூட்டு வலியோடு பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. அம்மாவைப் போன்றவர்களுக்காகவாவது இது நிற்காமல் ஓடணும்.

போன வருஷம் அம்மாவை அதில் அழைத்துப்போனேன். விமானத்தின் நாலு படியையும் ஒவ்வொன்றாக, கைப்பிடியை விடாமல் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"செஞ்சி வந்தா எழுப்புடா."

பஸ்ஸில் அப்பா அப்படித்தான் எழுப்புவார், கோட்டையைக் காட்ட. சரிம்மா என்றேன். மேலே ஏறி, அவர் கண்ணை மூடி, நான் ஜன்னல் பக்கம் குனிந்து பார்ப்பதற்குள் அந்தக் குன்றுகள் இறக்கைக்குப் பின்னால் போய்விட்டன.