பாவம், பிரெஸ்ஸோன்

1932இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டினார். பலகை வேலியின் இடுக்கு வழியே புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் அதைப் படம்பிடித்தார். கையில் சின்ன லைக்கா கேமரா. ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஆள் வேறு கலங்கித் தெரிகிறார். கல்யாண ஆல்பத்தில் இதைச் சேர்ப்பார்களா?

நம் ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். முதலில் 45 மெகாபிக்ஸல் கேமரா, கையோடு மாதத் தவணை. படம் எடுக்கக் கற்பதெல்லாம் தவணை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். துல்லியமோ அபாரம்: மணப்பெண்ணின் மூக்குத்திக் கல்லில் பந்தல் சீரியல் பல்பை எண்ணலாம், முகம்தான் ஃபோகஸில் இல்லை.

தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். குடியா முழுகிவிட்டது? முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார், மாப்பிள்ளையும் கட்டினார். ஐயர் மட்டும் முகூர்த்தம் போயிற்றே என்று முணுமுணுத்தார். மெகாபிக்ஸல் பற்றி அவருக்கென்ன தெரியும்!