உயிரெழுத்து இல்லாத சாவி

ஏற்காட்டு மலையில் இடி இடித்தால் கொண்டப்பநாயக்கன்பட்டியில் டிவி பிளக்கைப் பிடுங்க ஓடுவோம். 2021 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் டிவியைக் காப்பாற்றிவிட்டோம், கம்ப்யூட்டரை மறந்துவிட்டோம். மதர்போர்டு போயிற்று, கூடவே ஹார்ட் டிஸ்க்கும். கோரிமேட்டிலிருந்து வந்த பையன் இரண்டையும் புதிதாகப் போட்டு, விண்டோஸ் 10-ஐயும் ஏற்றி, "கீ அப்புறம் போட்டுக்கங்க சார்" என்று சொல்லி, டீகூடக் குடிக்காமல் கிளம்பினான். அந்த அவசரத்தின் அர்த்தம் மறுநாள்தான் புரிந்தது.

திரையின் வலது மூலையில், ஆக்டிவேட் செய்யச் சொல்லிச் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. பேரன் படத்தைத் திரையில் வைக்கப்போய், செட்டிங்ஸ் மறுத்தபோதுதான் கோபம் வந்தது.

"பில்லு போட்டு வாங்குனது கண்ணு!"

உண்மைதான். 2016-ல் கடைக்காரர் "சும்மாவே போட்டுத் தர்றனுங்க" என்றாராம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருட்டு விண்டோஸில் குலதெய்வக் கோயில் கணக்கு எழுதுவதாவது! முழு விலை கொடுத்துப் பெட்டியோடு வாங்கி வந்தார். ரீடெயில் ரகம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓஇஎம் கீ, பழைய மதர்போர்டோடு உடன்கட்டை ஏறிவிடும். ரீடெயில் கீயைப் புது மதர்போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த 25 எழுத்து கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி, பழைய பேப்பர்காரரிடம் போய் மூன்று வருஷம். "வெறும் அட்டைதானேன்னு போட்டுட்டேன்" என்றாள் அம்மா. அப்பா பதறவில்லை. கோயில் வரி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஐந்து கட்டம், கட்டத்துக்கு ஐந்து எழுத்து, முத்துமுத்தான கையெழுத்து. எல்லாம் தமிழில்.

ஆங்கில அகரவரிசையில் இரண்டாவது எழுத்தும் பி, பதினாறாவது எழுத்தும் பி. நாலாவதும் டி, இருபதாவதும் டி. எண்ணினேன்: நாலு பி, மூன்று டி. ஏழு இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு. மொத்தம் 128 சாவி.

கீயை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பூஜ்யமும் ஓ-வும் குழம்புமென்று இரண்டையும் நீக்கியிருக்கிறார்கள். ஒன்று, ஐ, ஐந்து, எஸ் எதுவும் வராது. ஆங்கில உயிரெழுத்து ஐந்துமே கிடையாது. சொன்னதும் அப்பா ரசித்தார்: "உயிரே இல்லாம மெய்ய மட்டும் வச்சு எழுதியிருக்கான் பாரு." ஜெனுயின் விண்டோஸுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஒரே ப-வை இரண்டு விதமாக ஒலிக்கும் ஜாதி ஒன்று சேலத்துப் பக்கம் உண்டென்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்பா இலக்கணத்தோடு களத்தில் இறங்கினார். "எம்முக்கு அடுத்து வர்ற பி, 'அம்பு'ல வர்ற மாதிரி மெலிஞ்சுதான் ஒலிக்கும். கட்டத்தோட முதல்ல வர்றது 'பழம்' மாதிரி வல்லோசை." மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அது டி-யில் தொடங்கியது. "ட மொழிமுதல்ல வராதே கண்ணு. இந்தக் கீயே தப்பு."

இலக்கணப்படி அடித்ததை விண்டோஸ் ஏற்கவில்லை. 0எக்ஸ்80070490. கீயைச் சரிபார்க்கவும். பிறகு ஒரு தாளில் 128-ஐயும் கோடு போட்டு எழுதி, ஒவ்வொன்றாக அடித்தோம். 53-ஆவது ஏறியது. எம்முக்கு அடுத்தது இரண்டாவது எழுத்துப் பி-தான் என்பதை அப்பா அன்று மூன்று முறை நினைவூட்டினார்.

கொண்டாட்டம் அரை நிமிஷம். அடுத்து 0எக்ஸ்சி004சி008: இந்தக் கீ ஏற்கெனவே வேறு கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். அது செத்தது அதற்கு எப்படித் தெரியும்?

"நான் வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு பென்ஷன் ஆபீஸுக்குச் சான்று குடுக்கறேன். இதுக்குச் செத்ததுக்குச் சான்று குடுக்கணுமா?"

கொடுக்க வழி இருந்தது. ரன் பெட்டியில் எஸ்எல்யுஐ, ஓர் இடைவெளி, 4 என்று அடித்ததும் போன் எண் வந்தது. பதிவுக் குரல் கேட்கக் கேட்க, ஏழேழாக ஒன்பது கட்டம், 63 இலக்கங்களைப் போனில் தட்டினேன். எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்றது. ஒன்று. பதிலுக்கு ஆறாறாக எட்டுக் கட்டம், 48 இலக்கம் சொன்னது. அப்பா எழுதிக்கொண்டார். ஐந்தாவது கட்டத்தில் குக்கர் விசிலடித்தது. "கொஞ்சம் திருப்பிச் சொல்லுங்கம்மா" என்று பதிவுக் குரலிடம் மரியாதையாகக் கேட்டார். எப்படியோ முடிந்தது, சாம்பல் வரி மறைந்தது, பேரன் திரையில் சிரித்தான்.

அன்றிரவே அப்பா நோட்டில் புதுப் பக்கம் போட்டு, இனிக் குழப்பமே வராதபடி கீயைத் திரும்ப எழுதிவைத்தார். தமிழில்தான். காலையில் அம்மா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தாள்: பவானி பி, தர்மபுரி டி, பழனி பி, திருச்செங்கோடு டி…

"ஏனுங்க, இது எந்த பஸ்ஸுங்க?"