கூசினால்தான் லைட்டு

ஊருக்கு ஒருவர் இருப்பார். எங்கள் எளாவூரில் தெருவுக்கு ஒருவர். எங்கள் தெருவில் இருப்பவரை லைட்டு மாமா என்றால் தபால்காரருக்கும் தெரியும். அவர் எலெக்ட்ரீஷியன் அல்ல. ஃபியூஸ் போனால் எதிர்வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவார். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் அண்ணாந்து பார்ப்பார். "இன்னாடா இது, லைட்டா மெழுகுவத்தியா? எத்தினி வாட்டு?" பதில் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். துக்க வீட்டிலும் இதே விசாரணைதான். செத்தவரைப் பற்றி அப்புறம்.

இந்த இனம் புதிதல்ல. கரண்ட் வராத காலத்தில் இவர்கள் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்தார்கள். பம்ப் அடித்து, மேன்டில் வெள்ளையாகப் பிடிக்கிற வரைக்கும் மாப்பிள்ளை ஊர்வலமே தெருவில் காத்து நிற்கும். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் மேன்டிலைச் செந்தில் உடைத்தபோது தமிழ்நாடே சிரித்தது. இவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. மேன்டில் என்ன விலை என்று தெரிந்தவர்கள் அல்லவா!

மாமா பல்பு வாங்குவதைப் பார்ப்பதற்கென்றே அவரோடு கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போகலாம். கடைப் பையன் மேசைமேல் இருக்கும் போர்டில் பல்பை மாட்டி ஸ்விட்சைப் போடுவான். எரிகிறதா என்று பார்த்துவிட்டு நாம் பையில் போட்டுக்கொள்வோம். மாமா அப்படியெல்லாம் விடமாட்டார். முகத்தைப் பல்புக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் நேருக்கு நேர் முறைப்பார். கண்ணில் தண்ணீர் வந்தால் அது பாஸ். வராவிட்டால், "வேற குடு தம்பி, இது தூங்குது."

அடுத்தது பெட்டியைப் படிக்கும் படலம். 2700 கெல்வின், 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதைச் சொல்வது லூமென். இதை விளக்கக் கடைப் பையன் வாயெடுத்தான்.

"தம்பி, 2700 பெருசா, 6500 பெருசா?"

பையன் பேசாமல் பில் போட்டான்.

நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலம் இல்லாவிட்டால் இன்றைய வெள்ளை எல்இடி இல்லை. எங்கள் தெருவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துக் கொடுத்திருப்பார்கள்.

எல்இடி வந்தது சிக்கனத்துக்குத்தான். 60 வாட் குண்டு பல்பு தொங்கிய இடத்தில் 9 வாட் எல்இடி போதும். மாமாவும் கணக்கில் புலிதான்: 60 வாட்டுக்கு 9 வாட்டில் ஆறு போடலாம், அப்போதும் 6 வாட் மிச்சம்! ஆறும் போட்டார். மிச்சமான 6 வாட்டுக்கு வாசல்படியில் ஒன்று. மொட்டைமாடியில் 50 வாட் ஃபோகஸ் லைட் வேறு. ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு அது மட்டும் 36 யூனிட். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அரசாங்கம் கொடுக்கிறதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாமா மொட்டைமாடிக் காக்காவுக்குப் படியளக்கிறார்.

வாசலில் அந்த ஃபோகஸ் லைட் போடும் வெளிச்சத்தில், நம்மூர் சோதனைச் சாவடிதான் இது என்று நினைத்து லாரிக்காரர்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்காததுதான் பாக்கி. மழை பெய்து ஓய்ந்தால் ஈசல் மொத்தமும் அங்கேதான் கூடும். ஈசலுக்குப் பல்லி, பல்லிக்குப் பூனை, பூனையை விரட்ட மாமா. லைட்டை அணைத்தால் நாலு பேருக்கும் வேலை மிச்சம் என்று அத்தை சொல்வதை யார் கேட்கிறார்கள்? லைட்டின் பெட்டியில் ஐபி65 என்று இருந்தது: தூசி புகாது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் ஸ்க்ரூவெல்லாம் துருவேறிக் கழன்று, லைட் தலை கவிழ்ந்து பக்கத்து வீட்டுப் படுக்கையறையைப் பார்க்க ஆரம்பித்தது. அந்தச் சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அலங்கார விளக்கு வாங்க மட்டும் சென்னை. ஹாலுக்கு ஒரு கண்ணாடித் தொங்கு விளக்கு வாங்கி, சூலூர்பேட்டை வண்டியில் கூட்டத்துக்கு நடுவே குழந்தையை வைத்திருப்பவர்களையெல்லாம் எழுப்பிவிட்டு, சீட்டில் அதை உட்காரவைத்துக் கொண்டுவந்தார். நம் ஊர் வீட்டில் ஹாலுக்கு நடுவில் ஃபேன்தான் இருக்கும். அதை எவனாலும் அசைக்க முடியாது. விளக்கை ஃபேனுக்குப் பக்கத்தில், இறக்கைக்குக் கொஞ்சம் மேலே மாட்டினார்கள். ஃபேனைப் போட்டால் இறக்கையின் நிழல் ஹால் முழுக்க வெட்டிவெட்டிச் சுற்றும். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ஃபேன் வேண்டுமா விளக்கு வேண்டுமா என்று வீட்டில் வாக்கெடுப்பு நடந்ததில், மே மாதத்தில் ஃபேன் ஏகமனதாக ஜெயித்தது.

இத்தனை லைட்டு இருந்தும் அத்தை மீன் அறுப்பது தன் நிழலில். சமையலறையில் லைட் முதுகுக்குப் பின்னால், வாசல்படிக்கு மேல் இருக்கிறது. மேடைக்கு முன் நின்றால் கைக்கும் மீனுக்கும் மேல் அவருடைய தலை நிழல். தலைக்கு முன்னால் ஒரு சின்னப் பல்பு போட்டால் தீர்ந்தது. அங்கே போட்டால் ஜன்னலுக்கு வெளியிலிருந்து தெரியாதே! நான் பார்த்தவரை இந்த வியாதிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்: வீடு தெரிவதற்கு லைட் போடுவார்கள், வீட்டில் இருப்பவர்களுக்குப் பொருள் தெரிவதற்குப் போடமாட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஏரிப் பக்கக் குப்பத்திலிருந்து மாமாவின் மச்சான் மடவை மீன் கொண்டுவந்தார். அத்தை லைட்டுக்கடியில் செவுளைத் தூக்கிப் பார்த்தார். பழுப்பாக இருந்தது. ஒன்றும் பேசாமல் தெருவுக்கு எடுத்துப்போய், மிச்சமிருந்த பகல் வெளிச்சத்தில் மறுபடி தூக்கினார். செக்கச்செவேல். மலிவான எல்இடியில் சிவப்பு சரியாக எழும்பாது. ரத்தமும் செவுளும் களையிழந்துதான் தெரியும். அத்தைக்கு இந்த விஞ்ஞானமெல்லாம் வேண்டியதில்லை.

"யோவ், உன் லைட்டுல இன்னைக்கு மீனும் நேத்து மீனாத்தான் கீது."

மச்சான் விஷயம் வேறு. விடியற்காலை இருட்டில் ஏரிக்குப் போகிறவர். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். மாமா வீட்டில் தங்கிவிட்டு வாசலைத் தாண்டினால் வேலியும் தெரியாது, வழியும் தெரியாது. "உன் வூட்ட வுட்டு வந்தா கண்ணு தெளியறதுக்குள்ள விடிஞ்சிடுது மாமா" என்பார். இப்போதெல்லாம் முதல்நாள் ராத்திரியே குப்பத்துக்குப் போய்விடுகிறார்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்தப் பக்கமெல்லாம் கம்பம் சாய்ந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். ஒரு ஃபேன், ஒரு பல்பு என்று ஓட்டியிருந்தால் ராத்திரி முழுக்க வந்திருக்கும். ஊரே இருட்டாக இருக்கும்போது தன் வீடு எப்படி இருக்கும் என்று பார்க்கிற சந்தர்ப்பத்தை அவரால் விட முடியுமா? எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டுத் தெருக்கோடிக்குப் போய் நின்று பார்த்தார். திரும்பி வருவதற்குள் இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அவர் வீட்டு ஆயாவின் சிம்னி விளக்குதான். "இன்னாடா, எத்தினி வாட்டுன்னு கேளேன்" என்றாள் ஆயா.

மாமாவுக்கு நிஜமான போட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. ராத்திரியில் ராக்கெட் விட்டால் ஊரே மொட்டைமாடியில் நிற்கும். 2024 டிசம்பர் 30 அன்று ராத்திரி 10 மணிக்கு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு பிஎஸ்எல்வி-சி60 கிளம்பியது. நாங்கள் வடகிழக்கே பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். மாமா நேரம் பார்த்து ஃபோகஸ் லைட்டைப் போட்டு, ஆகாயத்தைப் பார்க்கத் திருப்பினார்.

"யோவ், அத்த அணைய்யா!" என்று நாலு மாடியிலிருந்து கத்தினார்கள்.

"ராக்கெட்டு தெரிய வேணாமா?"

அத்தை போய் அணைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏரிக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் பொங்கிக் கிளம்பி, கரையிலிருந்த பனைமரத்தையெல்லாம் காட்டிவிட்டு, வளைந்து மேலே போய் மறைந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடிக் கணக்குல செலவு பண்றானுங்க," என்றார். "போயும் போயும் வார்ம் ஒயிட்டா வாங்குவானுங்க?"