சாலாக் செலாத்தானில் ஒரு பாலைவனம்

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், மழையே ஆகாத செடியைத்தான் வளர்ப்பது என்று கோலாலம்பூரின் சாலாக் செலாத்தான் அடுக்குமாடி மக்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அடீனியம், அதாவது பாலைவன ரோஜா. பூர்வீகம் ஆப்பிரிக்காவும் அரேபியாவும். அங்கே அதற்குத் தண்ணீர் கிடைக்காது. இங்கே தண்ணீர் அதை விடாது.

1930இல் தொழுநோயாளர் குடியிருப்பாகத் தொடங்கிய சுங்கை பூலோவில், குணமானவர்கள் பாடுபட்டு வளர்த்த நாற்றுப் பண்ணைகள் உண்டு. சீனப் புத்தாண்டு நெருங்கினால் அங்கே அடீனியத்துக்குத் தனி மவுசு. செல்வம் தரும் பூவாம். விற்றவருக்குத் தந்தது உண்மை.

செடி வீட்டுக்கு வந்ததும் பாசம் பொங்கும். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. பக்கத்து வீட்டு அக்கா பரிதாபப்பட்டு ஊற்றுவது தனிக் கணக்கு. அடித்தண்டைத் தொட்டால் மெத்தென்று அமுங்கும். "நல்லா குண்டாயிடுச்சு" என்று பூரிப்போம். அது அழுகல்.

நாம் வளர்க்கும் இன்னொரு செடி கலாஞ்சோ, மடகாஸ்கர்க்காரி. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு விடுவாள். நம் நடைவழி விளக்கோ விடிய விடிய எரிகிறது. (பகலிலும் எரியும், அது நிர்வாகத்தின் தாராளம்.)

தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் மட்டும் ஏடிஸ் கொசு அமோகமாகச் செழிக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அபராதமும் உண்டு. ஆகவே தட்டை எடுங்கள். பாதிக்குப் பாதி மணல் கலந்து நடுங்கள். மழை படாமல் வெயில் மட்டும் விழும் இடத்தில் வையுங்கள். அக்காவிடம் பக்குவமாகப் பேசிச் சொம்பை வாங்கிவிடுங்கள்.