உச்சிவேளைச் சோறு

1988-ல் எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள் ஆயா என்னைச் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகு பார்க்கக் கூட்டிப்போனாள். வேதகிரி மலைக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். செருப்பைக் கீழேயே விட்டிருந்ததால் கல் சுட்டது. நான் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய் நின்று, "சீக்கிரம் வா ஆயா" என்று கத்தினேன். அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படிக்கு வந்தாள்.

மேலே பாறைச் சரிவில் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜனம் நிழல் பார்த்து ஒதுங்கியிருந்தது. நான் ஆகாயத்தைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டேன். ஆயா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கூவாதடி. சோறு வெச்சாச்சு இல்ல? அது வரப்ப வரும்."

வந்தது. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறக்கை ஓரத்தில் கறுப்பு. அது மஞ்சள்முகப் பாறு, பாப்பாத்திக் கழுகு என்றும் சொல்வார்கள் என்பது பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஆயாவைக் கேட்டால் அது சாபம் பெற்ற முனிவர். காலையில் காசியில் முழுக்கு, உச்சிக்கு இங்கே சாப்பாடு, அப்புறம் இராமேசுவரம். பறவை தத்தித் தத்தி வந்து கொத்தித் தின்றது. அதைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த மனிதரின் கை. அவ்வளவு நேரமும் அது அசையவே இல்லை.

வீட்டிலும் ஆயா அப்படித்தான். ஆடி ஞாயிற்றுக்குக் கூழ் ஊற்ற வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்து மண்பானையில் மூடிவைத்துவிடுவாள். சனிக்கிழமை அது லேசாக நுரைத்துப் புளித்த வாசனை வரும். சாயங்காலம் நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை அதில் ஊற்றித் துடுப்பால் கிண்ட ஆரம்பித்தால் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கட்டி தட்டிப்போகும், அடி பிடிக்கும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம். அந்தப் பதம் வந்த பிறகும் உடனே குடித்துவிட முடியாது. ராத்திரி முழுக்க ஆறி, ஞாயிறு காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கையால் கரைத்த பிறகுதான் அது கூழ். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு.

"ஆச்சா ஆயா?" என்று சனிக்கிழமை முழுக்க நச்சரிப்பேன். "ஆவறப்ப ஆவும்" என்பாள். வெயில் கொளுத்திய வருஷம் சீக்கிரம் புளிக்கும், மழை பெய்து குளிர்ந்த வருஷம் தாமதமாகும். பானைக்குள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றை அதட்டி வேலை வாங்க யாராலும் முடியாது. ஆயாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கத் தெரியும். இன்னும் ஆகவில்லை என்றால் கோபப்படாமல் மறுபடி மூடிவைக்கத் தெரியும்.

கல்யாணமாகி மாமல்லபுரம் வந்தேன். அப்போது எங்கள் தெருவில் விடிந்தால் சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தம் கேட்கும். இன்று அந்தப் பட்டறைகளில் மெஷின்தான் கல்லை அறுக்கிறது. குழந்தை இல்லாமல் எட்டு வருஷம் போனது. எட்டு வருஷமும் நான் பொறுமையாகத்தான் இருந்தேன். விரதம், வேண்டுதல், விடியற்காலைத் தியானம் எல்லாம் அப்போது பழகியவைதான். அப்படிக் காத்திருந்து பெற்ற பிள்ளை ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்கும் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை.

எடை போதாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பயம் எனக்குள் இறங்கிவிட்டது. ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம். கதை சொன்னேன், போனைக் காட்டினேன், கடைசியில் தாடையைப் பிடித்து அழுத்தினேன். தட்டைப் பார்த்தாலே அவன் உதட்டை இறுக்கிக்கொள்ள ஆரம்பித்தான். மூன்று வயதுப் பிள்ளை, நான் பிசையும் சோற்றைக் கண்டு பின்னால் நகர்ந்தது. அதை எழுதும்போது இப்போதும் கை தயங்குகிறது.

ஒரு நாள் காலை பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டி "ம்மா, பசிக்குது" என்றான். அவன் தானாகப் பசி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நேரம் முடியட்டும் என்று நான் கண்ணைத் திறக்கவில்லை. முடித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து தூங்கியிருந்தான்.

மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஊருக்கு வரும் கூட்டமெல்லாம் கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் போய்விடும், இங்கே அவ்வளவாக வராது. பூதத்தாழ்வார் பிறந்த தலம், நூற்றெட்டுத் திவ்ய தேசத்தில் ஒன்று. பெருமாள் இங்கே பாம்பணை இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கிறார். ஏன் என்று பையன் கேட்டான். மாமியார் அவனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

புண்டரீக முனிவர் பாற்கடலில் இருக்கும் பெருமாளுக்குத் தாமரைப் பூ கொண்டுவந்தார். கடல் வழி விடவில்லை. சரி, கடலையே இறைத்துவிடுகிறேன் என்று கையால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். அப்போது ஒரு கிழவர் வந்து, "பசிக்குது, சோறு கொண்டா, அதுவரைக்கும் நான் இறைக்கிறேன்" என்றார். முனிவர் சோறு எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், அந்தத் தாமரையோடு பெருமாளே தரையில் படுத்திருக்கிறார்.

"அப்ப அவரு தவம் பாதியில நின்னுபோச்சே அத்தை?" என்று கேட்டேன்.

"பசின்னு ஒருத்தரு கேட்டா போவாம இருப்பாங்களாம்மா?" என்றார். பையனுக்கு இரண்டு துளசி இலையைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அந்தக் கதையைக் கல்யாணமான புதிதிலும் கேட்டிருக்கிறேன். அப்போது கடலைக் கையால் இறைத்தவரின் வைராக்கியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கடல் முன்னால் இருக்க, இறைத்த கையை உதறிவிட்டு அடுப்படிக்கு நடந்துபோனாரே, அந்த நடையை நான் கவனித்ததே இல்லை. நான் பொறுமை என்று பழகிக்கொண்டிருந்தது எனக்கு வேண்டியதற்காகக் காத்திருப்பதை மட்டும்தான். கோயில் வாசலில் நின்றபடி, ஆயா கிட்டே இருந்தால் அவள் மடியில் முகத்தை வைத்து அழலாம் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து தட்டில் கொஞ்சமாக வைத்து அவன் முன்னால் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். அவன் பாதியைக் கீழே இறைத்தான். முதல் வாரம் பெரும் வேதனை. கை தானாக எழும்பும், அழுத்திப் பிடித்துக்கொள்வேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை, மாதக்கணக்கானது. அந்த வருஷம் ஆடியில் கூழ் கரைத்து வைத்திருந்தேன். அம்மனுக்குப் படைப்பதற்கு முன்னால் அவன் முழங்கை வரை கையைப் பானைக்குள் விட்டுக் கலக்கி நக்கிக்கொண்டு நின்றான். மாமியார் விளக்கை ஏற்றியபடி, "ஆத்தா குடிச்சிட்டா, எல்லாருக்கும் ஊத்து" என்றார். வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தையின் கை பட்ட கூழை அமிழ்தத்துக்கு மேலே வைத்தார். அவர் பாலையும் தேனையும் விட்டுக் கூழைச் சொன்னதற்காக நான் அவரை அன்றைக்கு வணங்கினேன்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். ஒரு கிண்ணம் உரிக்க அரை மணி நேரம். குழம்பு அதுவரை காத்திருக்கும்.

போன மாதம் அவனைத் திருக்கழுக்குன்றம் கூட்டிப்போனேன். படியில் நான் மூச்சு வாங்கினேன், அவன் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று எறும்பு பார்த்தான். 1990-களின் கடைசியிலிருந்து அங்கே கழுகு வருவதில்லை என்று சொன்னேன். அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் மாட்டுக்கு அதைப் போடக் கூடாது என்று அரசு தடை போட்டது. அவன் கடைசி வரை கேட்டான். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, புளிச்சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாறையில் வைத்தான்.

"குரங்கு எடுத்துக்கும்டா கண்ணு."

"எடுத்துக்கட்டும்மா. அதுக்கும் பசிக்கும்ல?"

வெயில் உச்சியில் இருந்தது. கீழே மாமல்லபுரம் பஸ் ஹாரன் அடித்தது. அவன் காலை நீட்டி உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாக்ஸை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.