முதலில் வேலி, பிறகு நாய்

கேள்வி: தெருவில் கைவிடப்பட்ட நாயொன்றை எடுத்து வளர்க்க விருப்பம். வீட்டில் என்னென்ன ஆயத்தம் செய்யவேண்டும்?
(வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: வேலியைச் சுற்றி ஒருதரம் நடந்து பாருங்கள். நமக்குப் பொட்டு, நாய்க்கு அது படலை. வயலுக்கு வாங்கிய களைநாசினிப் போத்தலும் எலிப்பாஷாணமும் பூட்டுக்குள் போகட்டும். விறாந்தை மூலையில் ஒரு சாக்கு, ஒரு சட்டி தண்ணீர், பயந்தால் ஒளிந்துகொள்ள ஓரிடம் போதும். மிச்சக் கறியில் வெங்காயமும் வெந்த கோழி எலும்பும் கிடந்தால் அது விருந்தல்ல, வினை. மிருக வைத்தியரிடம் காட்டி விசர்த் தடுப்பூசி போடுங்கள், கருத்தடையும் கேளுங்கள். ஊசி வருடாவருடம். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே சரணாலயம் நடத்துகிறது. குட்டி வடிவென்று தூக்கி வந்து, வளர்ந்ததும் சந்தையடியில் இறக்கிவிடுபவர்கள் இருக்கும்வரை அங்கே வேலை குறையாது.

கேள்வி: மாமிக்கு நாய் என்றாலே ஆகாது. பழகிவிடுவாரா?

பதில்: மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு, மூன்று மாதத்தில் உறவு. இது நாய்க்கான கணக்கு. மாமிக்குத் தவணை சொல்லும் தைரியம் எனக்கில்லை. சோறு வைக்கும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பிறகு நாய் உங்களைத் திரும்பியும் பார்க்காது.