ஹிஞ்சவடிக்கு 500 நியூட்டன் மீட்டர்

புனேயில் டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கியவருக்கு வரும் அடுத்த கவலை: எஞ்சின் ட்யூனிங்கில் ஸ்டேஜ் 1-ஆ, ஸ்டேஜ் 2-ஆ? 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. போதாதாம். முதலாவதற்கு மடிக்கணினி போதும். எஞ்சின் கணினியில் டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் மாற்றி எழுதிவிடுவார்கள். இரண்டாவதற்குப் புகைக்குழாய், இன்டர்கூலர் என்று பர்ஸும் இளைக்கும். வாரன்டி பற்றியோ, வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பற்றியோ ட்யூனரிடம் கேட்பது நாகரிகமல்ல. இத்தனைக்கும் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. அதே ஊரில்தான், கோத்ரூட் பக்கம் குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஏற்றிய விசை எங்கே செலவாகிறது? காலை ஒன்பது மணிக்கு, ஐ.டி. அலுவலகங்களுக்குப் போகும் ஹிஞ்சவடி சாலை நெரிசலில், பிரேக்கை மிதித்தபடி. இடப்பக்கச் சந்தில் ஒரு ஆட்டோ முந்திப் போகிறது, ட்யூன் எதுவும் செய்யாமல்.